ஊர் நடக்கட்டும், செல்போன் எண்ணட்டும்!

ஒரு நாளைக்கு எத்தனை காலடி நடக்க வேண்டும்?

யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பத்தாயிரம்" என்று பதில் வரும். டாக்டர் சொன்னாரா? இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்தாரா? அதுவும் இல்லை. செல்போன் சொன்னது!

சரி, செல்போனுக்கு யார் சொன்னார்கள்? அது சுவையான கதை.

1964-ம் ஆண்டு ஜப்பானில் டோக்கியோ நகரத்தில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஜப்பானிய மக்களுக்குத் தேகப்பயிற்சியில் ஆசை பிறந்தது. அடுத்த ஆண்டு, 1965-ல், யமாசா என்ற கம்பெனி ஒரு சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால், எத்தனை காலடி என்று எண்ணிச் சொல்லும்.

கருவிக்குப் பெயர் வேண்டும் அல்லவா? "மன்போ-கெய்" என்று வைத்தார்கள். "பத்தாயிரம் காலடி மானி" என்று அர்த்தம். ஜப்பானிய மொழியில் பத்தாயிரத்தைக் குறிக்கும் எழுத்து, ஒரு மனிதன் காலை எட்டி வைத்து நடப்பது போல் இருக்கும். பெயரும் நன்றாக இருந்தது. எழுத்தும் நன்றாக இருந்தது. கருவி விற்றது.

அவ்வளவுதான்! விற்பனைக்காக வைத்த அந்தப் பெயர் கடல் தாண்டியது. கண்டம் தாண்டியது. உலகத்துக்கே ஆரோக்கிய விதி ஆகிவிட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனும் அதையே சொல்கிறது.

விஞ்ஞானிகள் பிறகுதான் எண்ணிப் பார்த்தார்கள். 2019-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சுமார் 17 ஆயிரம் மூதாட்டிகளின் நடையை அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 72. ஒரு நாளைக்கு 4,400 காலடி நடந்தவர்களே, 2,700 காலடி நடந்தவர்களைவிட அதிக நாள் உயிரோடு இருந்தார்கள். 7,500-க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. பத்தாயிரம் என்பது கட்டாயம் அல்ல என்று தெரிந்தது.

ஒரு பெயருக்கு எவ்வளவு சக்தி பார்த்தீர்களா? ஆகவேதான் சொல்கிறேன். உடற்பயிற்சிக்காக ஒரு பொருளைச் செய்கிறவர்கள், அதற்கு என்ன பெயர் வைக்கிறார்கள், என்ன சின்னம் போடுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்பது சின்ன விஷயம் அல்ல. அது நம் வீட்டு விஷயம்!

செயலி என்றால் என்ன?

இப்போது இடுப்புக் கருவி தேவை இல்லை. செல்போனே எண்ணிவிடுகிறது. செல்போனுக்குள் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் போட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் "செயலி" என்று பெயர். பணம் அனுப்ப ஒரு செயலி. பாட்டுக் கேட்க ஒரு செயலி. அதுபோல நடையை எண்ண ஒரு செயலி.

எப்படி எண்ணுகிறது? செல்போனுக்குள் கடுகு அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அசைவை உணரும் சில்லு. நாம் காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு லேசாக ஏறி இறங்குகிறது. அந்தத் தாளத்தைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்குப் போடுகிறது.

இதற்கு டவர் வேண்டாம். சிக்னல் வேண்டாம். நீங்கள் எந்தப் பாதையில் போனீர்கள் என்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

உலகத்தில் இப்படி எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய "ஸ்ட்ராவா" பேர்பெற்றது. நம் மத்திய அரசு "ஃபிட் இந்தியா" செயலியை 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி வெளியிட்டது. அது ஹாக்கி வீரர் தியான் சந்தின் பிறந்த நாள்; தேசிய விளையாட்டு தினம்.

நல்ல முயற்சிதான். ஆனால் ஒரு கேள்வி. இந்தச் செயலிகள் எல்லாம் யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை? பட்டணத்தில், பூங்காவில், விலை உயர்ந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு தனியாக ஓடுகிற ஒருவரையா? அல்லது உங்கள் ஊரையா?

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. வாருங்கள், கொல்லிமலைக்குப் போகலாம்.

எழுபது வளைவுகள்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது வயிறு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போகும். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை நிற்கும்.

மேலே போனால் செம்மேடு. சோளக்காடு சந்தை. அறப்பளீசுவரர் கோவில். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி உயரத்தில் இருந்து கொட்டுகிறது. இறங்கும்போது சிரிப்பு. ஏறும்போது மூச்சிரைப்பு!

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதம் அவன் பெயரில் விழா எடுக்கிறார்கள். அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு.

இந்த மலையில் பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்து விடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்.

சாமை, தினை, கேழ்வரகு விதைத்து, சரிவில் ஏறி இறங்கி, சுமை தூக்கி வாழ்ந்த மக்கள். உடற்பயிற்சி என்ற சொல்லே அவர்களுக்குத் தேவைப்பட்டது இல்லை.

"அப்படியானால் அவர்களுக்கு எதற்கு ஐயா செயலி?" என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. பதிலைக் கேளுங்கள்.

மலையும் மாறுகிறது

மலையில் சாமை விளைந்த நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏறிவிட்டது. கிழங்குக்குக் காசு கிடைக்கிறது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டில் சாமைச் சோறு குறைந்தது. அரிசிச் சோறு கூடியது. சிறுதானியங்களைக் காப்பாற்ற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து அங்கே பாடுபட்டு வந்திருக்கிறது. சாமையைக் குத்திப் புடைக்கும் வேலை பெண்களின் தோளை ஒடித்தது. அதைக் குறைக்க அரைவை இயந்திரங்களும் வந்தன.

அது நல்ல காரியம். "உலக்கையைத் திரும்ப எடு, உடம்புக்கு நல்லது" என்று ஒரு தாய்க்கு யாரும் உபதேசம் செய்யக் கூடாது. உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. உழைப்பு உடம்பைத் தேய்க்கும். பயிற்சி உடம்பைத் தேற்றும்.

ஆனால் பழைய உழைப்பு குறையும்போது, அந்த இடத்தில் எதுவும் வராவிட்டால் என்ன ஆகும்?

மலைக்குக் கீழே பார்த்தால் தெரியும். நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர் போன ஊர். நாள் முழுவதும், இரவு முழுவதும் உட்கார்ந்தே ஓட்டுகிற தொழில். ஒரு நாமக்கல் என்ன, நாடே உட்கார்ந்து விட்டது! 2024-ல் உலக சுகாதார நிறுவன விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்லை. ஆண்களில் நூற்றுக்கு 42 பேர். பெண்களில் 57 பேர்!

2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு இன்னொரு கணக்கைச் சொன்னது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிப் பேருக்கு மேல். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேர்.

இந்த நோய்க்கு மலை, தரை என்ற பேதம் இல்லை. பஸ் ஏறும் மலையில் நோயும் ஏறும். நோய் வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, வரும் முன்னே ஊரோடு நடப்பது மேல்.

செல்போனுக்குத் தெரியாதது

சரி, பட்டணத்துச் செயலியை அப்படியே மலையில் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும்?

விறகுச் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் செங்குத்தான சரிவில் ஏறுகிறாள். கடற்கரைச் சாலையில் ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி உலாவுகிறார். இருவருக்கும் ஆயிரம் காலடி என்றால், செயலியின் கணக்கில் இருவரும் சமம்! ஏற்றம், சுமை இரண்டும் அந்த எண்ணிக்கையில் சேருவதே இல்லை.

இன்னும் ஒன்று. காட்டு வேலைக்குப் போகிற பெண் செல்போனை எங்கே வைப்பாள்? சேலையில் பை இல்லை. வீட்டிலேயே வைத்து விட்டுப் போவாள். மாலையில் செயலி சொல்லும்: "இன்று நீங்கள் நடக்கவே இல்லை. சோம்பேறித்தனத்தை விடுங்கள்!" நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்தவளுக்கு இந்தப் பேச்சு!

முதலில், அவளுக்குச் செல்போன் உண்டா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? தனக்கென்று பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர்தான். பல வீடுகளில் கணவர் கையில் செல்போன். மனைவி கையில் கரண்டி.

ஆகவே, ஆளுக்கு ஒரு செல்போன், ஆளுக்கு ஒரு கணக்கு என்று செய்கிற செயலி பாதிப் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடும். ஊருக்கான செயலி என்றால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் உள்ளே வர வேண்டாமா?

பெயர் வைப்பது எப்படி?

ஆங்கிலத்தில் "பிராண்ட்" என்று ஒரு சொல் உண்டு. இன்று வியாபாரிகள் வாய்க்கு வாய் சொல்லும் சொல். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பார்கள் அல்லவா? அந்தச் சூட்டுக் குறிக்குத்தான் பிராண்ட் என்று பெயர். "இது என் மாடு" என்று சொல்லும் குறி.

பொதுமக்களுக்கான செயலியில் அந்தக் குறி யாருடையதாக இருக்க வேண்டும்? கம்பெனியின் குறியா? ஊரின் குறியா? ஊரின் குறியாக இருக்க வேண்டும் என்பேன். ஊர் "இது எங்களுடையது" என்று சொன்னால்தான் ஊர் நடக்கும்.

நம் தமிழ்நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஓர் அரசுத் திட்டம் தொடங்கியது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய் மருந்து கொடுக்கும் திட்டம். பெயர்: "மக்களைத் தேடி மருத்துவம்". மூன்றே சொற்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் புரியும். பெயரே வேலையைச் சொல்லி விடுகிறது.

2023 நவம்பரில் இன்னொரு திட்டம் வந்தது. மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை. பெயர்: "நடப்போம், நலம் பெறுவோம்". அந்தச் சொல்லைக் கவனியுங்கள். "நட!" என்று அதிகாரம் செய்யவில்லை. "நடப்போம்" என்று கூட அழைக்கிறது. அந்த "ஓம்" என்ற விகுதியில் ஊரே அடங்கி இருக்கிறது!

"ஃபிட் இந்தியா" செயலியோ, வெளியான நாளில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. செம்மேட்டுப் பாட்டிக்கு அதில் என்ன புரியும்? மொழி புரியாத வீட்டுக்குள் விருந்தாளி எத்தனை நாள் இருப்பார்?

கொல்லிமலைச் செயலிக்கு "ஓரி" என்று பெயர் வைக்கலாம் என்று சிலர் சொல்லலாம். வில்லை வளைத்து நிற்கும் ஓரியின் படத்தைப் போடலாம் என்றும் சொல்லலாம். ஓரியின் பெருமையை யார் மறுப்பார்? ஆனால் புஜபலம் காட்டும் வீரனின் படத்தைப் பார்த்தால் இளைஞர்கள் வருவார்கள். முழங்கால் வலிக்கும் பாட்டி, "இது ஆம்பளைப் பிள்ளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கி விடுவாள். நடை அதிகம் தேவைப்படுகிறவளே ஒதுங்கினால் செயலி எதற்கு?

என்னைக் கேட்டால் "ஊர்நடை" என்பேன். சொல்ல எளிது. சந்தையில் கூவிச் சொல்லலாம். ஊர் வழக்கம் என்ற பொருளும் அதில் தொனிக்கிறது. நடப்பதே ஊர் வழக்கம் ஆகட்டுமே! ஆனால் என் பேச்சு முடிவல்ல. பெயரை மலை மக்களே ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும். தான் பெயர் வைத்த பிள்ளையை யாரும் தெருவில் விட மாட்டார்கள்.

சுண்ணாம்புக் கட்டியால் வரைய முடியுமா?

பெயர் ஆயிற்று. அடுத்தது சின்னம்.

சின்னத்தைப் பற்றி இந்தியர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை. 1951-52-ல் நம் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன செய்தார்கள்? வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டி மேல் ஒரு சின்னம். சின்னத்தைப் பார்த்தார்கள், சீட்டைப் போட்டார்கள். உலகமே வியந்தது!

பிறகு வந்தது சிவப்பு முக்கோணம். தலைகீழாக நிற்கும் ஒரு முக்கோணம். பஸ் மீதும் சுவர் மீதும் அதைப் பார்த்தவுடன் "குடும்பக் கட்டுப்பாடு" என்று பச்சைப் பிள்ளையும் சொல்லும். ஒரு எழுத்துக்கூட இல்லாமல் ஒரு செய்தி நாடு முழுவதும் போனது.

ஆகவே, சின்னத்துக்கு ஒரே ஒரு பரீட்சை வைக்கலாம். பள்ளிச் சிறுவன் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் அதை வரைய முடியுமா? முடிந்தால் பாஸ். முடியாவிட்டால் பெயில்!

கொல்லிமலைக்கு அப்படி ஒரு சின்னம் தயாராக இருக்கிறது. கொண்டை ஊசி வளைவு! ஒரே கோடு. ஏறும் பாதை போலவும் இருக்கும். மலையில் இருப்பவர், மலைக்கு வந்து போனவர் எல்லாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காகச் செயலி பேசவும் வேண்டும். பட்டணத்துச் செய்தி வாசிப்பவர் குரலில் அல்ல. மலைப் பெண் ஒருத்தியின் குரலில், மலைப் பேச்சில் பேச வேண்டும். "இலக்கு எட்டப்பட்டது" என்று சொன்னால் யாருக்குப் புரியும்? "அக்கா, இன்னிக்கு நம்ம ஊரு நல்லா நடந்திருக்கு" என்றால் முகம் மலரும்.

முதல் இடம் யாருக்கு?

இப்போது முக்கியமான விஷயம். எதை எண்ணுவது?

பல செயலிகள் பட்டியல் போடுகின்றன. முதல் இடம் இவர். இரண்டாம் இடம் அவர். கடைசி இடம் நீங்கள்! முதல் பத்துப் பேருக்கு உற்சாகம். மற்றவர்களுக்கு வெட்கம். வெட்கப்பட்டவர் ஒரு வாரத்தில் செயலியை அழித்து விடுவார்.

இங்கிலாந்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. லண்டனில் புஷி பூங்காவில் 2004-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி 13 பேர் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடினார்கள். கட்டணம் இல்லை. ஏற்பாடு செய்தவர்கள் தொண்டர்கள். அது "பார்க்ரன்" என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. சனிக்கிழமை காலையில் ஓடலாம், நடக்கலாம், நின்று கை தட்டவும் செய்யலாம். 2024-ல் அவர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். அதிவேகச் சாதனைப் பட்டியல்களைத் தங்கள் இணையதளத்தில் இருந்து எடுத்து விட்டார்கள். மெதுவாக வருகிறவர் பயப்படக் கூடாதே என்ற எண்ணம்தான். சிலர் கோபித்தார்கள். ஆனால் அந்த எண்ணம் சரியானது.

கொல்லிமலையில் ஆளை எண்ண வேண்டாம். ஊரை எண்ணுங்கள்!

எப்படி? ஊரில் எல்லாரும் நடந்த காலடிகளைக் கூட்டுங்கள். செயலியில் அந்த 70 வளைவுச் சாலையை வரையுங்கள். திங்கட்கிழமை ஊர் காரவள்ளி அடிவாரத்தில் நிற்கும். நடக்க நடக்க வளைவு வளைவாக மேலே ஏறும். புதன்கிழமை 30-வது வளைவு. சனிக்கிழமை 65. "இன்னும் ஐந்தே வளைவு! வாங்க, சாயந்திரம் எல்லாரும் ஒரு சுற்று நடந்துட்டு வந்துடலாம்" என்று ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். பாட்டியின் 500 காலடியும் பேரனின் 9,000 காலடியும் ஒரே உண்டியலில் விழும். பாட்டி இல்லாமல் ஊர் மேலே ஏறாது!

செல்போன் இல்லாதவர்? மகளிர் குழுவில் பத்துப் பேருக்கு ஒரு செல்போன் போதும். சேர்ந்து நடந்தால் ஒருத்தியின் கணக்கைப் பத்தால் பெருக்கிக் கொள்ளலாம். சுமை தூக்கினவர், ஏற்றம் ஏறினவர் வாயால் சொன்னால் அதையும் சேர்த்துக் கொள்ளலாம். ரேஷன் கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் அன்றைய வளைவு எண். அந்தப் பலகையும் செயலியின் ஒரு பாகம்தான்.

"பொய்க் கணக்கு எழுதினால்? கன்றுக்குட்டியின் கழுத்தில் செல்போனைக் கட்டி விட்டால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! பரிசுப் பணம் வைத்தால் கன்றுக்குட்டி நிச்சயம் ஓடும். பணம் வைக்காதீர்கள். பரிசு என்ன தெரியுமா? உச்சிக்கு ஏறின வாரம் ஊர் ஒன்றாக உட்கார்ந்து சாமைப் பொங்கல் சாப்பிடட்டும். அதற்காக யார் கன்றுக்குட்டியை ஓட்டப் போகிறார்கள்?

ஓர் எச்சரிக்கை

இதைத் தாய்மார்களும் தந்தையரும் ஊன்றிப் படிக்க வேண்டும்.

2017 நவம்பரில் ஸ்ட்ராவா ஓர் உலகப் படம் வெளியிட்டது. அதில் சேர்ந்தவர்கள் எங்கெங்கே ஓடினார்களோ, அந்தப் பாதைகள் எல்லாம் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. பார்க்க அழகு. 2018 ஜனவரியில்தான் வினை தெரிந்தது. ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளில் ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டுக்கு நடுவே சில இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. என்ன அவை? ராணுவ முகாம்கள்! வீரர்கள் முகாமைச் சுற்றி ஓடியதை அவர்கள் கையில் கட்டிய கருவி உலகத்துக்கே காட்டிக் கொடுத்து விட்டது.

துப்பாக்கி ஏந்திய வீரர்களுக்கே இந்தக் கதி என்றால், விடியற்காலையில் தனியாக நடக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கு? அவள் எந்த நேரத்தில், எந்தப் பாதையில் போகிறாள் என்று ஊர் பேர் தெரியாதவன் பார்க்கலாமா?

ஆகவே, ஊர்ச் செயலி காலடியை மட்டும் எண்ண வேண்டும். பாதையை வரையவே கூடாது. காலடி எண்ணப் பாதை தேவை இல்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? தேவை இல்லாததைக் கேட்கிறவன் ஏன் கேட்கிறான் என்று யோசிக்க வேண்டும்.

2023-ல் நம் நாடாளுமன்றம் தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் இருப்பது நல்லது. ஆனால் விவரத்தைச் சேர்க்காமலே இருப்பது அதைவிட நல்லது. இல்லாத பொருளை எந்தத் திருடனும் எடுக்க முடியாது!

இலவசச் செயலிகள் பலவற்றில் விளம்பரம் வரும். ஊர் 70-வது வளைவுக்கு ஏறினவுடன் இனிப்புச் சோடா விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும்? ஏறின அத்தனையும் இறங்கி விடும். விளம்பரமே வேண்டாம். இது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல. நாமக்கல் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. கெட்டிக்கார மாணவ மாணவிகள் இருக்கிறார்கள். அவர்கள் மனம் வைத்தால் போதும்.

இளைஞர்களே!

உங்களுக்கு ஒரு வார்த்தை. செயலி செய்யக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன், ஒரு வாரம் மலையில் போய்த் தங்குங்கள். சந்தைக்குப் போகிறவர்களோடு நடங்கள். சுமையை ஒரு முறை உங்கள் தலையில் வாங்கிப் பாருங்கள். செல்போன் யார் கையில் இருக்கிறது, எத்தனை மணிக்குச் சிக்னல் வருகிறது, பாட்டி எந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறாள் என்று பாருங்கள். பிறகு வரையுங்கள்.

வரைந்ததைக் கொண்டுபோய் ஊர்க்கூட்டத்தில் வையுங்கள். "பிடிக்கவில்லை" என்றால் அழித்து விட்டு மறுபடியும் வரையுங்கள். ஊர் கை தட்டுகிற வரையில் அது முடிந்த வேலை அல்ல.

மலையில் வேலை செய்கிற செயலி தரையில் கட்டாயம் வேலை செய்யும். நாமக்கல் லாரிப் பட்டறையிலும் செய்யும். சென்னையின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பிலும் செய்யும். வளைவுக்குப் பதிலாக அந்தந்த ஊரின் கோபுரத்தையோ, ஏரிக்கரையையோ, ரெயில் நிலையத்தையோ போட்டுக்கொண்டால் போயிற்று.

ஜப்பானியக் கம்பெனி வைத்த பெயர் அறுபது ஆண்டுகளாக உலகத்தை எண்ண வைத்திருக்கிறது. நம் ஊர் வைக்கும் பெயர் நம் ஊரை நடக்க வைக்காதா?

வைக்கும். ஆனால் அதற்காகச் செயலி வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து, வெயில் தாழ்ந்ததும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

"வாங்க அண்ணி, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள்.